வெளிச்சத்தில் ஒருதடவை பார்த்துவிடலாம்

என் கைப்பையில் குடை இல்லாத நாள் உண்டு, லக்ஸ் மீட்டர் இல்லாத நாள் கிடையாது. பழைய பட்டன் போன் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து சுருள் வயர் ஒன்று கிளம்பி, பாதியாக வெட்டிய பிங்பாங் பந்து போலிருக்கும் ஒரு வெள்ளைக் கண்ணில் போய் முடியும். அந்தக் கண்ணை எங்கே வைக்கிறோமோ அங்கே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று பெட்டி லக்ஸ் கணக்கில் ஒரு எண்ணாகச் சொல்லும். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் போய் வெளிச்சத்தை அளந்து, எங்கே போதவில்லை, எங்கே வீணாக எரிகிறது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. காளவாசலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு நம் ஜனங்களுக்குக் கையில் பெட்டியோடு யார் வந்தாலும் நெற்றியைக் காட்டுகிற பழக்கம் வந்துவிட்டது. நெற்றியைக் காட்டாதவர்கள் விரலை நீட்டுவார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு அளக்கப் போயிருந்தபோது, மல்லிகைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து ஆள்காட்டி விரலைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

“சாப்பிட்டுட்டேனேம்மா, பரவாயில்லையா?”

“சுகர் இல்லண்ணே. வெளிச்சம் அளக்குறேன்.”

“அத எதுக்கும்மா அளக்கணும்? எரியுதா இல்லையான்னு பாத்தா தெரியாது?” என்று அவர் கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் அதற்குள் ரோஜாவுக்கு விலை பேசப் போய்விட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். பழங்காநத்தத்தில் நாங்களும் என் மாமியாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கம்பக்கத்தில் கேட்டால் என் மாமியார், “எம் மருமக கரண்ட் ஆபீஸ்ல இருக்கா” என்று சொல்லிவிடுவார். அதனால் தெருவில் யாருக்குக் கரண்ட் பில் கூட வந்தாலும் என்னைப் பார்த்து முறைப்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கேலி ஒன்றுதான் வேலை. குழம்பில் உப்பு எத்தனை லக்ஸ் என்று கேட்பார். நான் கோபக்காரி. ஆனால் அந்தக் கேலிக்கெல்லாம் கோபித்துக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது.

இப்படியிருக்கையில்தான் தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிற பழைய கடை. சுங்குடியும் பட்டும் பிரபலம். அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். சௌராஷ்டிரா குடும்பம். நம்மோடு மதுரைத் தமிழில் மணக்க மணக்கப் பேசிவிட்டு, அடுத்த நொடியே தங்களுக்குள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால் தம்பி கல்லாவைப் பார்த்து அந்த மொழியில் ஒரு வரி சொல்வார். அண்ணன் கல்லாவிலிருந்து ஒரு வரி சொல்வார். உடனே தம்பி நம் பக்கம் திரும்பி, “கட்டாதும்மா” என்பார். அந்த இரண்டு வரிக்கும் நாம் பார்க்க வேண்டிய இடம் மேலே ஓடுகிற ஃபேன். எல்லோரும் ஃபேனைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் முதலாளி என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு சாவு நடந்தது போன்ற முகத்தோடு ஆரம்பித்தார்.

“மேடம், எங்க கடைக்கு வர்ற பொம்பளையாளுக சேலைய உள்ள பாக்க மாட்றாக. எம்புட்டு பிரிச்சுப் போட்டாலும் சரி, கடசியில ஒரு வார்த்த. வெளிச்சத்துல ஒருதடவ பாத்துருவோம்னு சொல்லித் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போயிர்றாக.”

இது எனக்குத் தெரியாத விஷயமா? மதுரையில் எந்த ஜவுளிக்கடை வாசலில் நின்றாலும் பார்க்கலாம். உள்ளே மெத்தையில் மலைபோலச் சேலை குவிந்து கிடக்கும். ஒரு குடும்பம் மட்டும் ஒரே ஒரு சேலையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். டியூப்லைட்டில் கலர் ஏமாற்றும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறப்பதற்கு முன்னால் கற்றுக்கொள்கிற பாடம்.

இதற்கென்றே அந்தக் கடையில் ஒரு ஆள் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’. தினமும் மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். யாராவது சேலையோடு வெளியே கிளம்பினால் எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவார். சேலை தரையில் படக் கூடாது, மாடு மேயக் கூடாது, ஆட்டோ ஏறிப் போய்விடவும் கூடாது. இந்த மூன்றும் அவர் பொறுப்பு.

மூன்றாவதுதான் நடந்துவிட்டது. போன மாதம் ஒரு பட்டுச் சேலையை ஒரு அம்மா வாசலில் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குத் தும்மல் வந்திருக்கிறது. தும்முவதற்காக மறுமுனையை விட்டிருக்கிறார். அந்த முனை காற்றில் பறந்து, ஊர்ந்துபோன ஒரு ஷேர் ஆட்டோவின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. ஆட்டோ போக, சேலை நீள, அந்த அம்மா முந்தானையை விடாமல் பின்னாலேயே நடக்க, அக்கா இன்னொரு தும்மலோடு அதற்குப் பின்னால் ஓட, சந்து முனை வரைக்கும் ஊர்வலம். ஆட்டோக்காரருக்கு ஒன்றுமே தெரியாதாம். ஆள் ஏறப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் மெதுவாகப் போனாராம்.

“இனிமே ஒரு சேல கூட வாசப்படியத் தாண்டக் கூடாது மேடம். வெளிய இருக்குற வெளிச்சத்த அப்பிடியே உள்ள கொண்டாந்துருங்க. வெளிச்சம் உள்ள வந்துருச்சுன்னா அக்காவுக்கு வாசல்ல சோலி இல்ல. மேல குடோன்ல பண்டல் பிரிக்க ஆளில்லாமக் கெடக்கு. தீபாவளி முடிஞ்சதும் அங்க போயிரட்டும்.”

குடோன் மூன்றாவது மாடியில். ஏறுவதற்கு, ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடிகிற செங்குத்துப் படி. வாசல் பக்கம் பார்த்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

“மாடிப்படின்னா எனக்கு முட்டி கத்தும் முதலாளி. ஒருக்க ஏறுனா அப்பறம் என்னக் கயறு கட்டித்தான் எறக்கணும்” என்றார் அங்கிருந்தே.

“அதுக்குத்தான் ஒருக்க ஏறுனா சாயங்காலந்தான் எறங்கப்போறீங்களே” என்றார் முதலாளி.

ஆக, என் பெட்டி சொல்லப்போகிற எண்ணில் ஒரு மனுஷியின் முழங்கால் மாட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. கம்பெனிகளில் அளக்கப் போனால் இரண்டு விளக்கு கூடும், இரண்டு விளக்கு குறையும். யாரையும் மாடிக்கு அனுப்ப வேண்டி வந்ததில்லை. ஆனாலும் எண் எண்தான். அதைக் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தொடங்கினால் நான் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

மறுநாள் காலை அளக்கப் போனேன். அளக்கும்போது ஒரு முக்கியமான விஷயம், அளப்பவரின் நிழல் அந்த வெள்ளைக் கண்ணில் விழக் கூடாது. கண்ணை மெத்தையில் வைத்துவிட்டு, வயர் நீளும் வரை தள்ளிப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். நான் தள்ளிப் போனேன். பெட்டி இருநூற்று நாற்பது காட்டியது. எழுதிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் நூற்று இருபது. என்னடா இது என்று திரும்பினால் அக்கா, மெத்தை ஓரத்தில் இடுப்பில் கைவைத்து, கோபுரம் மாதிரி நின்றுகொண்டிருக்கிறார்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“நா என்ன உங்க மெசினயா தொட்டேன்? சும்மாதான நிக்கிறேன்.”

“உங்க நெழல் விழுது.”

“எனக்கு ஒரு நெழல்தாம்மா இருக்கு. அத எங்க கொண்டுபோயி வைக்க?”

நகர்ந்தார். அடுத்த மெத்தைக்குப் போனேன். அங்கே எண் ஒரேயடியாக விழுந்தது. மேலே பார்த்தால் ஒரு வரிசை டியூப்லைட் அணைந்திருக்கிறது. சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அக்கா முதுகைச் சாய்த்து நின்று, முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். வாசலை அளக்கப் போனபோது இதற்கு நேர்மாறு. வெயிலுக்காகக் கட்டியிருந்த படுதாவைக் கம்பால் தூக்கிச் சுருட்டிவிட்டு, தெருவில் நின்ற டூவீலர்களையெல்லாம் தள்ளச் சொல்லி, சூரியனுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருந்தார்.

“நல்லா அளந்துக்கங்க. சூரியனுக்கு முன்னாடி உங்க பல்பு எம்மாத்திரம்னு முதலாளிக்கு எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வயதில் அந்தப் படுதாவைச் சுருட்ட எவ்வளவு சிரமப்பட்டிருப்பார் என்று நினைத்தபோது அது போய்விட்டது. “படுதாவ இறக்குங்கக்கா, நிழல்ல அளந்தாலே போதும்” என்றேன். அப்படியும் வாசல் பதினெட்டாயிரம் காட்டியது.

முதலாளியிடம் இரண்டு எண்ணையும் சொன்னதும் அவர் எழுந்தே விட்டார். “உள்ள இருநூத்தி நாப்பது, வெளிய பதினெட்டாயிரமா? அப்ப நா இம்புட்டு வருசமா இருட்டுக்குள்ளயா யாவாரம் பண்றேன்? சரி மேடம், பதினெட்டாயிரத்துக்குப் போட்டுருங்க.”

“பதினெட்டாயிரம் போட்டா அந்தச் சூட்டுல நீங்க வத்தலாப் போயிருவீங்கண்ணே. மனுசங்க கண்ணு அப்பிடியெல்லாம் கணக்குப் பாக்காது. ஆயிரம் வந்தாலே ஒவ்வொரு புள்ளியும் தெரியும். அளவு மட்டும் போதாது, கலர உள்ளது உள்ளபடி காட்டுற நல்ல விளக்காவும் இருக்கணும்” என்றேன்.

அண்ணனும் தம்பியும் வீட்டு மொழியில் கலந்து பேசினார்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரியும். நான் ஃபேனைப் பார்த்தேன். சம்மதம் என்றார்கள்.

நல்ல விளக்குகளாகத் தேர்ந்தெடுத்துப் போட்டோம். முதன்முதலாகச் சுவிட்ச் போட்ட சாயங்காலம் நானும் அங்கிருந்தேன். கடை முழுக்கச் சட்டென்று பளிச்சென்றானதும் மெத்தையில் உட்கார்ந்திருந்த சேல்ஸ்மேன்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பமும் பிடித்திருந்த முந்தானையை விட்டுவிட்டுக் கும்பிட்டது. பழக்கதோஷம், நானும் மீட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டேன். வாசலில் அக்காவும் எழுந்து நின்று கும்பிட்டார். தன்னை மாடிக்கு அனுப்பப்போகிற விளக்கையே அவர் கும்பிட்டதைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன். மெத்தையில் கண்ணை வைத்தேன். ஆயிரத்து நூறு.

சேலைகள் உண்மையாகவே அழகாக இருந்தன. கத்தரிப்பூக் கலர் கத்தரிப்பூவாகவே தெரிந்தது. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “எனக்கும் இதுமாதிரி ஒரு மெசின் வாங்கிக் குடுங்க” என்று கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ‘உள்ளேயே பகல் வெளிச்சம்’ என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினார். யாராவது சேலையோடு எழுந்தால் போதும், கல்லாவை விட்டு ஓடிவந்து மீட்டரை நீட்டி, “இங்கயே பாருங்கம்மா, ஆயிரத்தி நூறு!” என்பார்.

“எனக்கு சுகரெல்லாம் நார்மல்தாண்ணே” என்று சொல்லிவிட்டு அவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

ஆம், போனார்கள். முன்பு எப்படிப் போனார்களோ அப்படியே. அக்கா எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். முதலாளி எனக்குப் போன் மேல் போன். “மேடம், வெளிச்சம் பத்தலபோல. இன்னும் ஒரு ஆயிரம் ஏத்துங்க.” போதும் என்றேன். “பத்தாதுங்குறேன், நீங்க போதுங்குறீங்க. போதும்னா அவுக ஏன் போறாக?” என்றார். விளக்கை மாற்றிப் பார்க்கலாமா, சுவரின் பெயிண்டை மாற்றலாமா என்று ஏதேதோ யோசித்தேன். பெட்டி சொல்கிற எண்ணை ஒரு ஊரே நம்ப மறுத்தால் எனக்கு என்ன மரியாதை?

“சரி, பழக்கம் ஒரேயடியாப் போகாது. தீபாவளிக்குள்ள அக்காவ மாடிக்கு ஏத்திட்டா, பிடிக்க ஆளில்லாம தானா நின்னுரும்” என்று ஒருநாள் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ராத்திரி வெளிச்சத்தையும் அளந்து தரச் சொன்னார். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மறுநாளே அக்காவுக்கு மாடி.

நான் போகிற செய்தி தெரிந்ததும் என் மாமியார் கிளம்பிவிட்டார். “உனக்குத் தெரிஞ்ச கடதான? அப்பிடியே எனக்கும் ஒரு தீவாளிச் சேல எடுத்துட்டு வந்துருவோம்” என்றார். பஸ் பிடித்துப் போய் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. சந்தில் எதிர்ப்பக்கம் இருந்த தெருவிளக்கு எரியவில்லை. அக்கா ஸ்டூலிலிருந்து என்னைப் பார்த்தார். வழக்கமான வாயாடல் இல்லை.

“அளக்கவா வந்தீக?”

“ஆமாக்கா.”

“அளங்க” என்றார். அவ்வளவுதான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அளந்து முடித்தேன். ஆயிரத்து நூறு, குறையவே இல்லை. முதலாளி என் மாமியாரை, “மேடத்தோட அத்தையா? வாங்க வாங்க” என்று மெத்தையின் நடுவில் உட்காரவைத்து, கலர் சோடா குடித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார். சேல்ஸ்மேன் ஒரு இளவட்டப் பையன், சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. அத்தை கையைக் காட்டிய திசையிலெல்லாம் சேலையை உருவிப் பிரித்தான். கால் மணி நேரத்தில் அத்தையின் மடிவரை சேலை ஏறிவிட்டது. கடைசியில் மாம்பழக் கலரில் பெரிய அரக்குப் பார்டர் போட்ட ஒன்றைப் பிரித்து அவர் தோளில் போட்டான்.

“அத்தைக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு” என்றான்.

“எடுப்பா இருக்கு” என்றார் கல்லாவிலிருந்து முதலாளி. “மேடம் வீடுங்குறதால வெலையெல்லாம் பாத்துப் போட்டுக்கலாம்.”

அத்தை மெதுவாகத் தலையாட்டினார். பக்கத்திலிருந்த நான் பார்த்தேன். அந்த மஞ்சள் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார்டர் கண்ணைக் குத்தியது. விலைச்சீட்டு அதைவிடக் குத்தியது. ஆனால் இதை எப்படிச் சொல்ல? பையன் வேர்க்க வேர்க்க முன்னால் மண்டிபோட்டிருக்கிறான். முதலாளி கலர் பாட்டிலோடு நிற்கிறார். தம்பி முதலாளி இந்தப் பக்கம். அத்தை வேறு தலையாட்டிவிட்டார். அவருக்குப் பிடித்ததை நான் வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அது வீடுவரைக்கும் கூட வரும்.

என் வாய் தானாகத் திறந்தது.

“அத்தை, எதுக்கும் வெளிச்சத்துல ஒருதடவ பாத்துருவோமா?”

“அதுதான் சரித்தா” என்று அத்தை எழுந்தே விட்டார்.

ஆளுக்கொரு பக்கம் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். அக்கா எழுந்து மறுமுனையை வாங்கிக்கொண்டார். படி இறங்கி, போர்டைத் தாண்டி, தெருவின் ஓரத்தில், எரியாத விளக்குக் கம்பத்துக்குக் கீழே போய் நின்று, சேலையை விரித்துப் பிடித்தோம். அக்கா மறுமுனையில் கோயில் பக்கமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏத்தா, உனக்குப் புடிச்சிருக்கா?” என்றார் அத்தை குரலைத் தாழ்த்தி.

“உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல அத்தை, அதான்...”

“எனக்கெங்க புடிச்சது? இதக் கட்டிக்கிட்டுப் போனா தெருவே கண்ணு கூசுதும்பாளுக. அந்தப் பய பாவம் இம்புட்டு நேரம் பிரிச்சுப் போட்டானேன்னு தலையாட்டுனேன். நீ அந்தாளுக்குத் தெரிஞ்சவளாச்சே, வேணாம்னா ஒனக்கு மரியாதக் கொறச்சலோன்னு நெனச்சேன்.”

“எனக்கும் புடிக்கல அத்தை. வெலையப் பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன். அம்புட்டும் பார்டருக்குத்தான் போல.”

இரண்டு பேரும் சிரித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு நானும் அத்தையும் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தோம். அந்தச் சந்தோஷத்தில் நான் சுற்றுமுற்றும் பார்க்கவே இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏழு.”

திரும்பினேன். எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்ற முதலாளி. அவருடைய மீட்டரின் வெள்ளைக் கண்ணை நாங்கள் பிடித்திருந்த சேலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தார்.

“ஏழு, மேடம். இங்க ஏழு லக்ஸு. உள்ள ஆயிரத்தி நூறு. நீங்க அளந்ததுதான்.” அவர் குரலில் கோபம் இல்லை. நம்பின தெய்வமே கைவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. “ஊருக்கெல்லாம் வெளிச்சம் அளக்குற நீங்களே இப்பிடித் தூக்கிட்டு வந்தா நா யார்கிட்டப் போயி அழுக?”

நான் கையிலிருந்த சேலையைப் பார்த்தேன். அந்த இருட்டில் அது மாம்பழக் கலரா, மண் கலரா என்று தெரியவில்லை. மஞ்சளா என்பதே சந்தேகமாக இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவரும் வானத்தை விட்டுவிட்டுச் சேலையை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமால்ல, இருட்டுல்ல கெடக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷம் மறுமுனையைப் பிடித்த அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது. வெட்கத்தைவிடச் சிரிப்புதான் அதிகம்.

“அண்ணே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. நாங்க வெளிச்சத்துக்கு வரல” என்றேன்.

“பின்ன?”

“பேச வந்தோம். உங்களுக்கும் தம்பிக்கும் பேசணும்னா எங்க முன்னாடியே உங்க வீட்டுப் பேச்சுல பேசிக்கிறீங்க. நாங்க ஃபேனப் பாத்துக்கிட்டு இருக்கோம். எங்களுக்குத் தமிழ விட்டா வேற ஏதுண்ணே? உள்ள வாயத் தெறந்தா உங்க அத்தன பேருக்கும் கேட்டுரும். எங்களுக்கு இந்த வாசல்தான் இருக்கு.”

முதலாளி மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தார். பிறகு கடைப் பக்கம் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டு, அந்த மொழியில் என்னென்னவோ சொல்லத் தொடங்கினார். நடுவில் தன் தலையில் ஒருமுறை தட்டிக்கொண்டார். தம்பி பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சேலையைப் பிடித்தபடி நின்றோம். அங்கே பார்ப்பதற்கு ஃபேன் இல்லாததால் மூன்று பேரும் வானத்தைப் பார்த்தோம்.

“அவுக பேசி முடிக்கட்டும்” என்றார் அத்தை பெருந்தன்மையாக.

பேசி முடித்துவிட்டு முதலாளி கேட்டார். “அப்ப இந்த எடத்துக்கு ஒரு நல்ல லைட்டாவது போட்டுருவமா மேடம்? எத்தன லக்ஸு வேணும்?”

“வேணாம்யா” என்று அத்தை முந்திக்கொண்டார். “பளிச்சுன்னு போட்டீகன்னா உள்ளேருந்து எங்க மூஞ்சி தெரியும். அப்பறம் நாங்க அடுத்த தெருவுக்கில்ல போகணும்?”

அக்காவுக்கு இந்த ஆராய்ச்சி எதிலும் அக்கறை இல்லை. சேலை முனையை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராக ஒரே கேள்விதான் கேட்டார். “முதலாளி, அப்ப நா மேல போகணுமா, வேணாமா?”

முதலாளி மீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நீங்க மேல போயிட்டா இவுக போற அடுத்த தெரு வரைக்கும் சேலைக்குப் பின்னால யாரு ஓடுறது?” என்றார். தம்பி உள்ளே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நான் முதல்நாள் உட்கார்ந்து காப்பி குடித்த சாய்மானமுள்ள நாற்காலியைத் தூக்கிவந்து, ஸ்டூல் இருந்த இடத்தில் போட்டார். அக்கா அதில் உட்காரவில்லை. சேலை இன்னும் கையில் இருந்ததல்லவா? ஆனால் அவர் கண் கலங்கியதை அந்த ஏழு லக்ஸிலும் நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியது. ரிப்போர்ட்டை அன்றைக்கு நான் பையிலிருந்து எடுக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

பிறகு சேலையை மடித்துக்கொண்டு உள்ளே போனோம். பகல் மாதிரி எரிகிற விளக்குகளுக்குக் கீழே அந்தப் பையன் ஆவலோடு நிமிர்ந்து பார்த்தான். வாசலில் முதலாளியோடு உரக்க நடந்த பேச்சு முழுக்க அவன் காதில் விழுந்திருக்கும், விழாமல் இருக்க வழியே இல்லை. அண்ணன், தம்பி இருவரும் கூடப் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

அத்தை சேலையை அவன் முன்னால் வைத்து, சிறிதும் முகம் மாறாமல், “வெளிச்சத்துல பாத்தா கலரு கொஞ்சம் டல்லடிக்குதுப்பா” என்றார்.

பையன் ஒரு நொடி முதலாளியைப் பார்த்தான். முதலாளி ஃபேனைப் பார்த்தார்.

“ஆமா அத்தை, வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, பையன் அடுத்த சேலையைப் பிரித்தான்.